ஜப்பானின் பழைய ஏற்றுமதித் தேநீர்க் கோப்பைகள்: எதை வாங்குவது, எதில் குடிப்பது?

“இரண்டு கோப்பை மனசுக்குப் பிடித்திருக்கிறது. காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது. எதை எடுக்கட்டும்?” பழைய ஜப்பானியப் பீங்கான் பற்றி எனக்கு வரும் கேள்விகளில் பெரும்பாலானவை இப்படித்தான் தொடங்கும். கூடவே இரண்டு படங்கள் வரும். ஒன்றில் தங்கக் கரையும் ரோஜாப் பூவுமாக ஒரு கோப்பை. மற்றொன்றில் சாம்பல் நிற டிராகன் சுற்றிப் புடைத்து நிற்கும் மெல்லிய கோப்பை. இரண்டையும் கவிழ்த்தால் அடியில் ஜப்பானின் பெயர் ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கும். விற்பவர் இரண்டுக்குமே ‘நூறு வருஷப் பழசு’ என்று எழுதியிருப்பார்.

படத்தைப் பார்த்ததும் நான் பதில் சொல்வதில்லை. அதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். தினமும் டீ குடிக்கவா, அலமாரியில் வைக்கவா, வீட்டுக்கு வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டவா? இது தெளிவானால் பாதித் தேர்வு முடிந்துவிடும். தெளிவில்லாமல் வாங்குகிறவர்கள் குடிக்கக் கூடாத கோப்பையில் குடிக்கிறார்கள், குடிக்கவென்றே செய்த கோப்பையைப் பூட்டி வைக்கிறார்கள். இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன்.

இங்கே நான்கு வகைகளை எடுத்துக்கொள்கிறேன். ஜப்பானியர் தங்கள் நாட்டை அழைக்கும் ‘நிப்பான்’ என்ற பெயர் முத்திரையாக உள்ளவை. 1921க்குப் பிறகு, இரண்டாம் உலகப் போருக்கு முன்பு வரை வந்த, நோரிடாகே கம்பெனி முதலானவர்களின் ‘மேட் இன் ஜப்பான்’ கோப்பைகள். போருக்குப் பின், ஜப்பான் அந்நிய ஆளுகையில் இருந்தபோது வந்த ‘ஆக்குபைட் ஜப்பான்’ கோப்பைகள். கடைசியாக, முட்டை ஓடு போல மெல்லிய, வெளிச்சத்தில் பிடித்தால் அடியில் உருவம் தெரியும் லித்தோபேன் கோப்பைகள். முதல் மூன்றும் காலத்தை வைத்துப் பிரித்தவை, நான்காவது செய்முறையை வைத்து. அதனால் லித்தோபேன் கோப்பை ஒன்றில் ஆக்குபைட் ஜப்பான் முத்திரை இருந்தால் குழம்ப வேண்டாம்.

சாட்சுமாவைச் சேர்க்கவில்லை. பொன்னும் பூவுமாக நெருக்கி வரைந்த அந்த வெண்ணெய் நிறக் கோப்பைகள் அழகுதான். ஆனால் அவை பீங்கான் இல்லை, மண்பாண்ட வகை. மேற்பூச்சு முழுக்க மெல்லிய வெடிப்பு வலை ஓடும், உள்ளே ஈரம் இறங்கும். அதன் பராமரிப்பே தனி.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன். முதலாவது, அதில் குடிக்கலாமா என்பது. பீங்கானைச் சுமார் 1,300 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுடுகிறார்கள். அதன் கண்ணாடிப் பூச்சு கல்லாகிவிடும். ஆனால் பூச்சுக்கு மேலே தீட்டும் வண்ணமும் தங்கமும் 800 டிகிரியை ஒட்டிய சூட்டில் மறுபடி சுடப்படுபவை. அந்த வண்ணங்கள் உருகிப் பிடிப்பதற்குப் பழைய காலத்தில் ஈயம் சேர்த்தார்கள். வண்ணம் வெளிப்பக்கம் மட்டும் இருந்தால் கவலை குறைவு. உதடு படும் விளிம்பிலோ, டீ நிற்கும் உட்பக்கத்திலோ இருந்தால் யோசிக்க வேண்டும். எலுமிச்சை டீ போன்ற புளிப்பு பட்டால் ஈயம் இன்னும் எளிதாகக் கரையும்.

இரண்டாவது, அடையாளம் எவ்வளவு உறுதியாகத் தெரியும், போலி எவ்வளவு புழங்குகிறது. மூன்றாவது, அன்றாடக் கைப்புழக்கத்தைத் தாங்குமா. நான்காவது, ஒன்று உடைந்தால் அதே மாதிரி இன்னொன்று கிடைக்குமா. பலரும் யோசிக்காத கேள்வி இது. ஆறு கோப்பை உள்ள செட்டில் ஒன்று போனால் மீதி ஐந்தும் மதிப்பு இறங்கும். ஐந்தாவது, மறைந்திருக்கும் செலவு. அனுப்பும்போது உடைவது, சோதனைச் செலவு, பழுது பார்ப்பது, வைக்க இடம் எல்லாம் இதில் அடங்கும்.

‘எவ்வளவு பழசு’ என்பதை நான் வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். அடிமுத்திரை காலத்தைச் சொல்லும், எந்தச் சந்தைக்குப் போனது என்று சொல்லும். தரத்தை அது சொல்லாது. 1905ல் அவசரத்தில் தீட்டிய கோப்பையும் உண்டு, 1950ல் ஒருவர் உட்கார்ந்து நிதானமாக வரைந்ததும் உண்டு.

## கவிழ்த்துப் பார்த்தால் தெரிவது

1890ல் அமெரிக்கா மெக்கின்லி சுங்கவரிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1891 முதல் அங்கே இறக்குமதியாகும் பொருள்களில் செய்த நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று ஆனது. ஜப்பானியர்கள் தங்கள் நாட்டைத் தாங்கள் அழைக்கும் பெயரையே ஆங்கில எழுத்தில் போட்டார்கள்: நிப்பான். முப்பது வருஷம் அப்படியே ஓடியது. 1921ல் அமெரிக்கச் சுங்கத்துறை, நிப்பான் என்பது ஜப்பானியச் சொல், ஜப்பான் என்றே போட வேண்டும் என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகுதான் ‘ஜப்பான்’, ‘மேட் இன் ஜப்பான்’ முத்திரைகள் பெருகின.

அப்புறம் போர். 1945ல் ஜப்பான் சரணடைந்து நேச நாடுகளின் ஆளுகைக்குள் வந்தது. 1947ல் தனியார் ஏற்றுமதி திரும்பத் தொடங்கியபோது பொருள்களில் ‘மேட் இன் ஆக்குபைட் ஜப்பான்’ என்று போட வைத்தார்கள். 1949 கடைசியில் இந்த விதி தளர்ந்தது, வெறும் ஜப்பான் என்று போட்டாலும் போதும் என்று ஆனது. 1952 ஏப்ரல் 28ல் ஆளுகையே முடிந்தது. ஆக, ஆக்குபைட் முத்திரை இருந்தால் அந்த ஐந்து வருஷ இடைவெளிக்குள் வந்த பொருள். முத்திரை இல்லை என்பதால் மட்டும் அந்தக் காலத்துப் பொருள் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இரண்டு எச்சரிக்கை. முத்திரையே இல்லாத கோப்பையை ‘1891க்கு முந்தியது’ என்று விற்பார்கள், நம்ப வேண்டாம். காகித ஒட்டு ஒட்டி அனுப்பியவை உண்டு, செட்டில் சில பொருள்களுக்கு மட்டும் முத்திரை குத்தியதும் உண்டு. இன்னொன்று, மேலே சொன்ன 1891, 1921 கணக்கு அமெரிக்கச் சட்டத்திலிருந்து வந்தது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளிலோ சிங்கப்பூரிலோ கிடைக்கும் கோப்பை அமெரிக்காவுக்கென்று செய்யப்படாததாக இருந்தால், அந்தக் கணக்கை அப்படியே போட முடியாது. இலங்கையின் மாத்தளையில் நோரிடாகேயின் தொழிற்சாலை 1970களில் தொடங்கியது. அதனால் நோரிடாகே என்ற பெயரோடு ஸ்ரீலங்கா என்று இருந்தால் அது நல்ல கோப்பையாக இருக்கலாம், ஆனால் போருக்கு முந்தியது இல்லை.

## கண், காது, விரல்

சந்தையில் மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்த்து வாங்குவோமே, இங்கேயும் அதேதான். கோப்பையை உள்ளங்கையில் வைத்து விளிம்பை நகத்தால் மெல்லச் சுண்டுங்கள். நல்ல பீங்கான் ‘டிங்’ என்று நீட்டிச் சொல்லும். விரிசல் இருந்தால் ‘டொக்’ என்று அங்கேயே செத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசலைக் காதுதான் முதலில் கண்டுபிடிக்கும்.

பிறகு செல்பேசி விளக்கை உள்ளே வைத்துப் பாருங்கள். பீங்கான் வெளிச்சத்தை விடும், மண்பாண்டம் விடாது. விரிசல் ஒரு கறுப்புக் கோடாகத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு விளிம்பை ஒரு சுற்று விரலால் தடவுங்கள். அரிசி முனை அளவு மூளி போயிருந்தாலும் விரல் நின்றுவிடும். புற ஊதா டார்ச் ஒன்று வாங்கி வைப்பது நல்லது. இருட்டில் அடித்தால், ஒட்டிப் பூசி மறைத்த இடம் பெரும்பாலும் சுற்றியுள்ள பீங்கானிலிருந்து வேறு நிறமாகத் தெரியும்.

கடைசியாகப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். ‘கையால் வரைந்தது’ என்ற முத்திரையோடு எனக்கு ஒரு கோப்பை வந்தது. ரோஜா இதழ்கள் மெத்தென்று இருந்தன. லென்ஸ் வைத்துப் பார்த்தால், இதழின் நிழல் முழுக்கச் செய்தித்தாள் படம் மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தது. அச்சு ஒட்டுப்படம். அதன் மேல் இலையின் நரம்பை மட்டும் ஒருவர் தூரிகையால் இழுத்திருந்தார். அந்த ஒரு கோடு தொடங்கும் இடத்தில் வண்ணம் குவிந்து, போகப் போக மெலிந்து, முனையில் இரண்டாகப் பிரிந்திருந்தது. கை வேலை என்றால் இப்படித்தான் இருக்கும். விற்றவர் பொய் சொல்லவில்லை, முழு உண்மையும் சொல்லவில்லை. கலப்பு வேலைக்கும் ஒரு விலை உண்டு, முழுக் கை வேலையின் விலை அதற்குக் கிடையாது.

## நிப்பான் முத்திரைக் கோப்பை (1891–1921)

கை வேலைக்காக வாங்குகிறீர்கள் என்றால் இதுதான். சேட்டோ வட்டாரத்தில் சுட்ட வெள்ளைக் கோப்பைகள் நகோயாவின் ஓவியக் கூடங்களுக்குப் போய், அங்கே வரைந்து, தங்கம் பூசிக் கப்பலேறின. தங்கத்தைப் புள்ளிப் புள்ளியாகப் புடைக்க வைத்திருப்பார்கள். மோரியாகே என்று ஒரு வேலை உண்டு. மாக்கோலத்தின் இழை போல, குழைத்த களிமண் கூழைப் பிழிந்து பிழிந்து கோடு இழுப்பது. நல்ல மோரியாகேயைத் தடவினால் சரிகைக் கரை தொட்ட மாதிரி விரலுக்குத் தெரியும்.

இந்தக் காலத்தின் பெரிய பெயர் மொரிமுரா சகோதரர்கள். 1876ல் தோக்கியோவில் தொடங்கி, அதே வருஷம் நியூயார்க்கில் கடை போட்டவர்கள். 1904ல் நகோயாவுக்குப் பக்கத்தில் நோரிடாகே என்ற ஊரில் சொந்தத் தொழிற்சாலை வைத்தார்கள். இலைவளையத்துக்குள் எம் எழுத்து இருக்கும் முத்திரை அவர்களுடையது. எம் என்பது மொரிமுரா.

போலியும் இந்த முத்திரையில்தான் அதிகம். ஒரு போலியில் வளையத்துக்குள் எம்முக்குப் பதிலாக மணற்கடிகாரம் போன்ற உருவம் இருக்கும். புதிதாகச் செய்தவை பொதுவாகத் தடிப்பாகவும் கனமாகவும் இருக்கின்றன, பூ வேலை சப்பையாக இருக்கும். கோப்பையின் அடி வளையத்தையும் பாருங்கள். நூறு வருஷம் சாசர் மேல் உட்கார்ந்த கோப்பைக்கு அங்கே கொஞ்சமாவது தேய்மானம் இருக்கும்.

குடிக்க நான் இதைச் சொல்ல மாட்டேன். விளிம்பிலும் சில சமயம் உட்பக்கத்திலும் தங்கமும் வண்ணமும் இருக்கும். அமெரிக்காவிலேயே பாத்திர ஈயத்துக்கு வரம்பு கட்டியது 1970களில்தான். ஒவ்வொரு முறை கழுவும்போதும் தங்கம் கொஞ்சம் போகும், போன தங்கம் திரும்பாது. மறைந்த செலவு என்று பார்த்தால், போலியில் மாட்டும் ஆபத்தும், ஒற்றைக் கோப்பைக்கு ஏற்ற சாசர் தேடி அலைவதும்தான். வேறு வேறு செட்டிலிருந்து கோப்பையையும் சாசரையும் சேர்த்து ஜோடி என்று விற்பது இந்த வகையில் சாதாரணம். இரண்டின் அடிமுத்திரையும் ஒன்றா, தங்கக் கரையின் அகலம் ஒன்றா என்று பாருங்கள்.

## போருக்கு முந்திய ‘மேட் இன் ஜப்பான்’, நோரிடாகே (1921–1941)

மேஜைக்கென்றே செய்தவை இவை. நோரிடாகே தொழிற்சாலை தொடங்கியதன் நோக்கமே மேற்கத்திய பாணிச் சாப்பாட்டுச் செட் செய்வது. 25 சென்டிமீட்டர் தட்டை நடுவில் வளையாமல் தட்டையாகச் சுட்டு எடுக்கவே அவர்கள் பல வருஷம் போராடினார்கள். முதல் முழுச் செட் வந்தது 1914ல், அதாவது ஆலை வைத்துப் பத்து வருஷம் கழித்து. அந்தப் பிடிவாதம் 1920களின் கோப்பையைக் கையில் எடுத்தால் தெரியும். கைப்பிடி விரலுக்கு ஒத்து நிற்கும், கோப்பை சாசரின் குழியில் ஆடாமல் உட்காரும்.

இதன் பெரிய வசதி, மாற்றுக் கிடைப்பது. அசேலியா என்ற இளஞ்சிவப்புப் பூ வடிவம், எண் 19322, லார்க்கின் என்ற அமெரிக்க சோப்புக் கம்பெனி வழியாக வீடு வீடாகப் போனது. சோப்பு வாங்கி வாங்கிப் பரிசாகப் பெற்றார்கள். அதனால் இன்றும் ஏராளமாகக் கிடைக்கிறது. ஒன்று உடைந்தால் மனசு உடையாது, இன்னொன்று தேடி எடுத்துவிடலாம். காலம் பார்க்க ஒரு எளிய வழி: வளையத்துக்குள் எம் இருந்தால் பழையது. 1953 முதல் எம் போய் என் வந்தது.

ஆனால் இதே காலத்தில் வந்த லஸ்டர் கோப்பைகள் வேறு கதை. ஆரஞ்சு, நீலம், முத்து வெள்ளை என்று சோப்புக் குமிழி போல மின்னும் அந்தப் பூச்சு மிக மெல்லிய உலோகப் படலம். ஸ்பூன் உரசினாலே கீறல் விழும். பல கோப்பைகளில் உட்பக்கமும் லஸ்டர்தான். பார்க்க வாங்குங்கள், குடிக்க வேண்டாம்.

உட்பக்கம் சுத்த வெள்ளையாக, வண்ணம் விளிம்புக்கு வெளியே நிற்கிற நோரிடாகேதான் நான்கு வகையிலும் குடிப்பதற்கு என் முதல் தேர்வு. அப்போதும் தினமும் குடிக்கப் போகிறீர்கள், வீட்டில் குழந்தையோ கர்ப்பிணியோ இருக்கிறார்கள் என்றால், ஒரு கோப்பையை ஆய்வகத்தில் கொடுத்து ஈயக் கசிவு பார்த்துவிடுங்கள். வீட்டில் தேய்த்துப் பார்க்கும் குச்சியில் நிறம் மாறவில்லை என்பது முழு உத்தரவாதம் இல்லை.

## ஆக்குபைட் ஜப்பான் (1947–1952)

புதிதாகச் சேகரிக்கத் தொடங்குகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். காலம் உறுதி, விலை குறைவு, எண்ணிக்கை நிறைய. அழிந்து கிடந்த ஒரு நாடு டாலர் சம்பாதிக்கக் கையில் கிடைத்த மண்ணையும் வண்ணத்தையும் வைத்துச் செய்தவை. ஜெர்மன், இங்கிலீஷ் கோப்பைகளைப் பார்த்துச் செய்த குட்டிக் கோப்பைகள் நிறைய. இரண்டு மடக்கு காபிக்கான அளவு. நம் வீட்டு டீ அளவுக்கு அவை காணாது, வாங்கும்முன் உயரமும் அகலமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தரம் ஏறி இறங்கும். நோரிடாகேயே போர் முடிந்த கையோடு செய்த சரக்கு தன் பெயருக்குத் தகுதியில்லை என்று கருதி, கொஞ்ச காலம் ‘ரோஸ் சைனா’ என்ற பெயரில்தான் அனுப்பியது. அந்த நேர்மைக்காகவே ஒரு ரோஸ் சைனா கோப்பையை நான் வைத்திருக்கிறேன். பூச்சில் இரண்டு கரும்புள்ளி, சாசர் லேசாகக் கோணல். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை, 1947ன் சூளை அப்படித்தான் இருந்தது.

போலி இதிலும் உண்டு. பழைய வெறும் கோப்பையில் முத்திரையை மட்டும் பின்னால் குத்துவார்கள். நகப்பூச்சு அகற்றும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு முத்திரை மேல் தேயுங்கள். சூளையில் சுட்ட முத்திரை அசையாது, பின்னால் குத்தியது கலங்கும். பஞ்சு தங்கத்தின் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறைந்த செலவு இங்கே இடம்தான். மலிவாகக் கிடைப்பதால் வாங்கிக் குவித்துவிடுவோம், விற்கப் போனால் வாங்க ஆள் குறைவு. அனுப்பும் செலவு கோப்பை விலையைத் தாண்டுவதும் உண்டு. பத்து வாங்கும் காசில் நல்லதாக மூன்று வாங்குங்கள்.

## முட்டை ஓட்டு லித்தோபேன்

காலிக் கோப்பையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால், அடியிலிருந்து ஒரு பெண் முகம் மேலே வரும். கொண்டை, கொண்டை ஊசி, தாழ்ந்த கண். அதுவரை வெறும் வெள்ளையாக இருந்த இடம் அது. வண்ணமே கிடையாது. பீங்கான் தடித்த இடம் நிழலாகவும் மெலிந்த இடம் வெளிச்சமாகவும் தெரிகிறது, அவ்வளவுதான். இந்த உத்திக்கு 1827ல் பாரிசில் காப்புரிமை வாங்கினார்கள். பிறகு ஜெர்மனியில் பெருகி, ஜப்பானுக்கு வந்து, கெய்ஷா முகமாகக் கோப்பையின் அடியில் உட்கார்ந்தது. முகத்தின் தெளிவுதான் தரம். கண் இமையும் முடிக் கோடும் தனித்தனியாகத் தெரிந்தால் அச்சு புதிதாக இருந்தபோது எடுத்தது. மாவு பூசின மாதிரி மங்கலாக இருந்தால் தேய்ந்த அச்சு.

வெளியே டிராகன் சுற்றியிருப்பவற்றில் ‘குத்தானி’ என்ற இரண்டு ஜப்பானிய எழுத்து இருக்கலாம். ஒன்பது பள்ளத்தாக்கு என்று அர்த்தம், இஷிகாவா வட்டாரத்துப் பெயர். போருக்கு முன்னால் கிடைமட்டமாக எழுதும்போது வலமிருந்து இடமாக எழுதுவது வழக்கம், பின்னால் இடமிருந்து வலமாக மாறியது. ‘ஒன்பது’ வலப்பக்கம் இருந்தால் பழையதாக இருக்க வாய்ப்பு அதிகம். பெரும்பாலான லித்தோபேன் கோப்பைகள் 1930களுக்குப் பிறகு வந்தவை, போருக்குப் பின் மிக அதிகம். ‘1890’ என்று யாராவது சொன்னால் அடிமுத்திரையைக் காட்டச் சொல்லுங்கள்.

இதில் நான் ஒன்றை இழந்திருக்கிறேன். குளிரான காலை. அடுப்பில் கொதித்த பால் டீயை அப்படியே வடிகட்டி ஊற்றினேன். ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம். பார்த்தால் விளிம்பிலிருந்து பாதி வரை ஒரு கோடு, அதில் டீ பழுப்பாக ஊறிக்கொண்டிருந்தது. குளிர்ந்த மெல்லிய பீங்கானின் உட்பக்கம் சட்டென்று விரிய, வெளிப்பக்கம் அப்படியே நின்றிருக்கிறது. முதலில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி ஒரு நிமிஷம் வைத்திருந்தால் தப்பியிருக்கும். இந்தக் கோப்பைகள் டிகாக்‌ஷனில் பாலைக் காய்ச்சும் நம் டீக்காகச் செய்யப்பட்டவை இல்லை.

மறைந்த செலவு முழுக்க உடைசல்தான். ஐந்து பேர் செட் வாங்கினால் முழுசாக வந்து சேருவதே அதிர்ஷ்டம். கோப்பைக்குள் மெல்லிய தாளைப் பந்தாக வைத்து, கைப்பிடியைத் தனியாகச் சுற்றி, பெட்டிக்குள் பெட்டி வைத்து அனுப்பச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

## ஒரே பார்வையில்

| | நிப்பான் | நோரிடாகே, போருக்கு முன் | ஆக்குபைட் ஜப்பான் | லித்தோபேன் |
|---|---|---|---|---|
| குடிக்கலாமா | வேண்டாம் | உள்ளே வெள்ளையென்றால் ஆம், லஸ்டர் வேண்டாம் | உள்ளே வெள்ளையென்றால் எப்போதாவது | எப்போதாவது, கொதிக்கக் கொதிக்க வேண்டாம் |
| காலம் தெரியுமா | தெரியும், ஆனால் போலி நிறைய | நன்றாகத் தெரியும் | மிக உறுதி | பெரும்பாலும் உத்தேசம் |
| புழக்கம் தாங்குமா | தங்கம் தேயும் | நன்றாகத் தாங்கும் | செய்நேர்த்தியைப் பொறுத்தது | மிக மென்மை |
| மாற்றுக் கிடைக்குமா | அரிது | எளிது | கலவையாக வாங்கினால் எளிது | முகமும் அளவும் பொருந்துவது கஷ்டம் |
| மறைந்த செலவு | போலி, பொருந்தாத சாசர் | ஈயச் சோதனை | இடம், அனுப்பும் செலவு | உடைசல் |

## யாருக்கு எது

தினசரி டீக்கு ஒரு அழகான பழைய கோப்பை வேண்டும் என்கிறவருக்கு நோரிடாகே. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரே ஒரு கோப்பைதான், அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கப் போகிறேன் என்றால் நிப்பான், அதுவும் மோரியாகே வேலை உள்ளது. ஆனால் முதல் வாங்கலாக வேண்டாம். பத்துப் பதினைந்து கோப்பையைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகு வாங்குங்கள். வரலாற்றில் ஆர்வம், கையில் காசு குறைவு என்றால் ஆக்குபைட் ஜப்பான். பரிசு கொடுக்க லித்தோபேன் போல எதுவும் இல்லை. பிரித்ததும் வெளிச்சத்தில் பிடிக்கச் சொல்லுங்கள், அந்த முகம் வரும்போது அவர்கள் முகத்தையும் பார்க்கலாம். கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு மட்டும் கொடுக்காதீர்கள்.

பாட்டி வழியாக வந்த கோப்பை என்றால் இந்த ஒப்பீடே வேண்டாம். என்ன வகை என்று தெரிந்துகொள்ளுங்கள், அதில் குடிக்கலாமா என்று மட்டும் முடிவு செய்யுங்கள்.

## வாங்கிய பிறகு

பித்தளைக்குப் புளி, எலுமிச்சை, விபூதி போட்டுத் தேய்த்த கை நம்முடையது. அந்தப் பழக்கம் இங்கே ஆகாது. புளிப்பு வண்ணத்தை அரிக்கும், தூள் தங்கத்தை உரசி எடுக்கும். சபீனா, கம்பி நார் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. பாத்திரம் கழுவும் இயந்திரம் நான்கு வகைக்கும் எதிரி. தங்கம் உள்ளதை மைக்ரோவேவில் வைத்தால் பொறி பறக்கும்.

ஸ்டீல் தொட்டியில் நேராகக் கழுவாதீர்கள். பிளாஸ்டிக் டப்பில் ஒரு துண்டை மடித்துப் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரும் ஒரு சொட்டு மென்மையான சோப்பும் விட்டு, ஒரு நேரத்தில் ஒரு கோப்பை. மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். கைப்பிடியைப் பிடித்துத் தூக்காமல் உடம்பைத் தாங்கி எடுங்கள், பழைய கோப்பையில் பலவீனமான இடம் கைப்பிடி சேரும் மூட்டுதான். ஆழ்குழாய் உப்புத் தண்ணீர் என்றால் கடைசி அலசல் குடிதண்ணீரில் இருக்கட்டும், உடனே துடைத்தும் விடுங்கள். வெள்ளைப் படிவு விழுந்த பிறகு அதை எடுக்க வினிகர் தேவைப்படும், அதுவும் புளிப்பு.

உள்ளே டீக்கறை இருந்தால் ஆப்ப சோடாவைத் தண்ணீர் விட்டுக் குழைத்து விரல் நுனியால் மெல்லத் தேயுங்கள், வெள்ளைப் பகுதியில் மட்டும். பிளீச்சிங் திரவம் வேண்டவே வேண்டாம், கறை போகும், கூடவே பூச்சின் பளபளப்பும் தங்கமும் போகும். அடுக்கும்போது கோப்பைக்குள் கோப்பை வைக்காதீர்கள். சாசர்களுக்கு நடுவே பழைய வேட்டித் துணி வைத்தால் போதும், செய்தித்தாள் மை ஒட்டும். கொக்கியில் மாட்டினால் மொத்த எடையும் அந்த மூட்டில்தான் தொங்கும்.

விரிசல் விட்டதை என்ன செய்வது என்றும் கேட்கிறார்கள். கின்சுகி கிட் என்று இணையத்தில் விற்பவற்றில் பல, எபாக்சி பசையில் தங்கநிறத் தூள் கலந்தவை. அதில் ஒட்டிய கோப்பை பார்க்க மட்டும்தான். உண்மையான கின்சுகிக்கு உருஷி மர அரக்கு வேண்டும். காயாத உருஷி தோலில் பட்டால் கொப்பளிக்கும், காய வாரக்கணக்கில் ஆகும். தெரிந்தவரிடம் கொடுத்தால் பெரும்பாலும் கோப்பையின் விலையைவிடக் கூலி அதிகம். என் விரிசல் கோப்பையை நான் ஒட்டவில்லை. டீக்கறையை மட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடு நனைத்த பஞ்சால் இரண்டு நாள் ஒற்றி எடுத்தேன், தங்கத்தில் படாமல். இப்போது கிழக்கு ஜன்னலில் ஒரு சின்னத் தாங்கியில் சாய்ந்து இருக்கிறது. விரிசல் பாதியிலேயே நின்றுவிட்டதால் அடியில் இருக்கும் முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. காலை ஏழு மணி வெயில் விழும்போது அது முழுசாகத் தெரிகிறது.